துருவ ஒளிக்கு எந்த மாதம் டிக்கெட் போடலாம்?

கேள்வி: துருவ ஒளியைக் குறைந்த செலவில் பார்க்க ஆசை. பிள்ளைகளின் மே மாத லீவில் கிளம்பலாமா?
– வாசகர், அனுமந்தன்பட்டி

பதில்: மே கடைசியில் போனால் நள்ளிரவிலும் சூரியனைத்தான் பார்ப்பீர்கள்! நார்வேயின் டிரோம்சோவில் அப்போது சூரியன் மறைவதே இல்லை; இருட்டு இல்லாமல் துருவ ஒளி தெரியாது. வெயில் பார்க்க விமானம் எதற்கு, உங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கே போதுமே! காலாண்டு விடுமுறையில் கிளம்புங்கள். செப்டம்பர் கடைசியில் நல்ல இருட்டு உண்டு. சம இரவு நாளையொட்டிப் பூமியின் காந்தப்புலமும் அதிகம் கலங்குவதால் துருவ ஒளி தெரியும் வாய்ப்பு கூடும். குளிர்கால நெரிசல் இல்லாததால் விடுதி வாடகையும் குறையும். சமையலறை உள்ள விடுதியாகப் பிடித்து, அரிசியும் பருப்புப்பொடியும் கொண்டுபோங்கள். அங்கே ஓட்டல் சாப்பாடுதான் பர்ஸைக் காலி செய்யும். ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ. மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது என்பதால் ஐந்தாறு இரவாவது தங்குங்கள்.

பாஸ்போர்ட்டே வேண்டாமென்றால் லடாக்கின் ஹான்லே இருக்கிறது. 2024 மே 10 இரவு, சூரியப் புயலின்போது அங்குள்ள வானாய்வகத்தின் கேமராக்களில் வடக்கு வானம் சிவந்து பதிவானது. அது அபூர்வம், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நட்சத்திரங்களுக்காகப் போனால் ஏமாற்றமே இராது. இந்த ஒளிக்கெல்லாம் மூலமான சூரியனையே நூறாண்டுக்கும் மேலாகக் கண்காணித்துவரும் ஆய்வகம் உங்கள் பக்கத்துக் கொடைக்கானலில் இருக்கிறது. பிள்ளைகளை முதலில் அங்கே அழைத்துப்போங்கள், பஸ் கட்டணம் போதும்.