சட்டை கம்பெனிக்கு, கால் யாருக்கு?

கேள்வி: வெறுங்காலில் ஓடி ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் அபேபே பிகிலா. அப்புறம் எதற்கு ஆணி வைத்த ஷூ, அதற்கொரு ஸ்பான்சர், அதன் மேல் ஒரு சர்ச்சை?

பதில்: இந்தக் கதையை எல்லோரும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். 1960-இல் ரோமில் பிகிலா வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தானை முடித்தார். அதற்குப் பின்னால் தத்துவம் ஒன்றும் இல்லை. கிடைத்த புது ஷூ காலுக்குச் சரிப்படவில்லை, கழற்றிவிட்டார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி இரண்டாவது தங்கத்தையும் எடுத்துக்கொண்டார். பிரிட்டனின் புரூஸ் டல்லோ 1962-இல் ஐரோப்பிய 5,000 மீட்டர் பட்டத்தை வெறுங்காலில்தான் வென்றார். அந்தக் காலத்து ஷூக்களைப் பற்றி இதைவிடக் கறாரான விமர்சனத்தை யாரும் எழுதிவிட முடியாது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. எதைப் போடுவது, எதைக் கழற்றுவது என்ற முடிவை ரோமில் பிகிலாவின் கால் எடுத்தது. இன்று முன்னணியில் ஓடுகிறவருக்கு அந்த முடிவை அவருடைய ஒப்பந்தம் எடுக்கிறது. என் புகார் அவ்வளவுதான், மீதியெல்லாம் சாட்சியம்.

கேள்வி: போட்டி என்றால் வலிக்கத்தான் செய்யும். உலக சாம்பியனுக்குச் சொகுசு எதற்கு? காலுக்கு மெத்தை போட்டா ஓடுவார்கள்?

பதில்: போட்டுத்தான் ஓடுகிறார்கள்; அதில்தான் வம்பே தொடங்கியது. பழைய ஸ்பைக்ஸ் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முன்பாதத்துக்கு அடியில் விறைத்த ஒரு பிளாஸ்டிக் தகடு, அதில் சில ஆணிகள், குதிகாலுக்குப் பேருக்கு ஒரு சிட்டிகை நுரை. ஷூவின் எடை 100 கிராம் கூடினால் ஆக்ஸிஜன் செலவு சுமார் 1 சதவீதம் கூடும் என்று ஆய்வகக் கணக்கு இருப்பதால், மெத்தென்று இருந்த எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார்கள். வெட்டியதன் பாக்கியைக் கெண்டைக்கால் கட்டியது. 10,000 மீட்டர் என்றால் 25 சுற்று. 1996-இல் அட்லாண்டாவில் ஹெய்லே கெப்ரசெலாசி அந்த ஓட்டத்தில் தங்கம் வென்றார்; கெட்டியான ஓடுபாதையில் கொப்புளம் வெடித்துப் பாதம் புண்ணானதால் 5,000 மீட்டரிலிருந்து விலகிக்கொண்டார். ஒரு தங்கம் கைக்கு வந்தது; இன்னொன்றுக்கான வாய்ப்பைப் பாதமே பறித்துக்கொண்டது. சொகுசு என்று நாம் கேலி செய்வதற்குச் சோதனைச்சாலையில் ஒரு எண்ணும் உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடுகிறவர் தனக்கு மிக இதமானது என்று தேர்ந்தெடுத்த ஷூவில் ஆக்ஸிஜன் செலவு சராசரியாக 0.7 சதவீதம் குறைந்திருந்தது. இதெல்லாம் ஒரு எண்ணா என்று தள்ளிவிடாதீர்கள். கெனெனிசா பெகெலேயின் 10,000 மீட்டர் உலக சாதனை 26 நிமிடம் 17.53 விநாடி, அது 2005 முதல் 15 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2020 அக்டோபரில் வலென்சியாவில் ஜோஷுவா செப்டெகெய் அதை 26 நிமிடம் 11 விநாடியாக்கினார். வித்தியாசம் சுமார் 0.4 சதவீதமே ஆன ஆறரை விநாடி. செப்டெகெய் காலில் இருந்தது நைக்கியின் டிராகன்ஃபிளை. மிதித்த சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் புதுவகை நுரை வைத்த ஸ்பைக்ஸ் அது. இத்தகைய ஷூக்களால் ஓடும் சக்தியில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஓடுபாதையோரம் வேகம் காட்டிச் சென்ற விளக்குகளுக்கும் அந்தச் சாதனையில் பங்குண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் முன்பு இதமும் வேகமும் எதிரிகள். இப்போது இரண்டும் ஒரே நுரைக்குள் குடியிருக்கின்றன. ஷூவில் தாராளம் காட்டினால் வேகம் போகும் என்ற பழைய நியாயம் செத்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் ஓடுவது மனிதனா, ஷூவா?

பதில்: 1993-இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியின் 10,000 மீட்டரில், பின்னால் வந்த கெப்ரசெலாசி குதிகாலை மிதித்ததில் மோசஸ் டனுயின் ஷூ நழுவியது. அதை உதறிவிட்டு, ஒற்றை ஷூவோடு கடைசிச் சுற்றைப் பறந்து முடித்தார் டனுய். அரை விநாடியில் தோற்றார். அவ்வளவு நெருங்கியது மனிதன். அந்த அரை விநாடியை ஷூவின் கணக்கில் எழுத உங்களுக்கு அனுமதி உண்டு.

கேள்வி: எந்த ஷூ நல்லதோ அதை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதானே? யார் தடுத்தார்கள்?

பதில்: சம்பளம் கொடுப்பவர் தடுத்தார். கால்பந்து வீரருக்குக் கிளப் சம்பளம் தருகிறது. நீண்ட தூர ஓட்டக்காரருக்கு மாதா மாதம் படியளக்கும் கிளப் பெரும்பாலும் கிடையாது. பரிசுப் பணம் எப்போதாவது வரும். மற்றபடி அடுப்பு எரிவது ஷூ கம்பெனியின் ஒப்பந்தத்தில். அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ரகசியம். எப்போதாவது வழக்கு, வாக்குமூலம் என்று வந்தால்தான் உள்ளே எட்டிப் பார்க்க முடியும். 2016-இல் அமெரிக்க 800 மீட்டர் வீரர் போரிஸ் பெரியன் மீது நைக்கி வழக்குப் போட்டபோது அப்படி ஒரு ஜன்னல் திறந்தது. நியூ பேலன்ஸ் ஆண்டுக்கு 1,25,000 டாலர் தர முன்வந்தது. ஓட்டம் சரிந்தாலும் தொகையை வெட்டுவதில்லை என்பதும் அதில் சேர்த்தி. அந்த 'வெட்டு' விஷயத்தில்தான் பெரியனுக்கும் நைக்கிக்கும் தகராறு. நைக்கி கடைசியில் வழக்கைக் கைவிட்டது. தரவரிசையில் இறங்கினால் வெட்டு, குறைந்தபட்சப் போட்டிகளில் ஓடாவிட்டால் வெட்டு என்று இந்தத் தொழிலில் ஒரு முறையே இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மாரத்தான் வீராங்கனை காரா கௌச்சர், குழந்தை பெற்று மறுபடி போட்டியில் ஓடும்வரை தனக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது என்று 2019-இல் வெளியே சொன்னார். கூச்சல் எழுந்த பிறகு நைக்கி, கர்ப்பகாலத்தை ஒட்டிய 18 மாதங்களுக்கு வெட்டு இல்லை என்று கொள்கையை மாற்றியது. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இருப்பவர், 'ஐயா, இந்த மாடல் என் சுண்டுவிரலைக் கடிக்கிறது, பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்வாரா? எலியுட் கிப்சோகேயைப் பாருங்கள். 2015 பெர்லின் மாரத்தானில் அவருடைய புது மாதிரி ஷூவுக்குள் இருந்த உள்மெத்தைகள் இரண்டும் வெளியே வந்து கணுக்காலோரம் படபடத்தன. புண்ணான காலோடு 2 மணி 4 நிமிடத்தில் வென்றார். உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர், ஓடிக்கொண்டே கம்பெனியின் சோதனைச்சாலையாகவும் வேலை பார்த்தார். இதற்கு நேரெதிர் காட்சி 2020 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தான். ஓடத் தகுதி பெற்ற யாருக்கும் தன் புதிய ஆல்ஃபாஃபிளை ஷூவை நைக்கி சும்மா கொடுத்தது. எந்த ஷூ கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லாத ஜேக் ரைலி அதைப் போட்டுக்கொண்டு இரண்டாவதாக வந்து ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தார். மற்ற கம்பெனிகளிடம் சம்பளம் வாங்கியவர்களில் பலருக்கு அந்த இலவசத்தைத் தொடும் யோகம் இல்லை. அன்று ஸ்பான்சர் இல்லாததே பெரிய ஸ்பான்சராக இருந்தது.

கேள்வி: கையெழுத்துப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டா போட்டார்கள்? அதுவும் இப்போது எல்லாக் கம்பெனியும் அதே மாதிரி ஷூ செய்கிறதே, இன்னும் என்ன குறை?

பதில்: முதல் பாதிக்கு: ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஒப்பந்தம் விற்றது விளம்பர இடத்தை. எல்லா ஸ்பைக்ஸும் ஒரே லட்சணமாக இருந்தவரை எந்த லோகோவோடு ஓடினாலும் முடிவு பெரிதாக மாறாது. இப்போதைய ஒப்பந்தம் முடிவையே தொடுகிறது. பார்வையாளர் காசு கொடுத்துப் பார்க்க வந்தது ஓட்டக்காரர்களின் போட்டியை. நுரை வியாபாரிகளின் போட்டியை அல்ல. ஆகவே இது இரு தரப்பின் சொந்த விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. இரண்டாம் பாதி இன்னும் கனமான ஆட்சேபணை. உண்மைதான், 2017-இல் நைக்கிக்கு இருந்த தனிமுன்னிலை இன்று இல்லை. அடிடாஸ், அசிக்ஸ், பூமா எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் கம்பெனிகள் சமமானால் கால்களும் சமமாகிவிடுமா? 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், உலகத் தரமான ஏழு கென்ய ஓட்டக்காரர்களைப் புதுவகை ஷூக்களில் ஓடவைத்துப் பழைய வகையோடு ஒப்பிட்டார்கள். ஒரு கோடியில் 11 சதவீத லாபம், மறுகோடியில் ஏறக்குறைய அதே அளவு நஷ்டம். ஓர் ஆய்வு, ஏழே பேர், அதுவும் ஆய்வகத்தில்; அந்தப் பெரிய எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு ஆள் பலன் மாறுகிறது என்பது போதும். ஒருவருக்கு வரமாக இருப்பது இன்னொருவருக்குச் சுமையாக இருக்கையில், ஒரே கம்பெனியின் அலமாரிக்குள் காலை அடைத்து வைப்பது எப்படி நியாயம்? உலகத் தடகளச் சங்கம் மில்லிமீட்டர் கணக்கில் விதி போடுகிறது. 2024 நவம்பர் முதல் ஓடுபாதையில் ஷூவின் அடிப்பாகம் 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, சாலையில் 40. ஸ்பான்சர் இல்லாத முன்னணி வீரர்களுக்கு ஷூ கிடைக்க ஒரு திட்டமும் வைத்திருக்கிறது. ஸ்பான்சர் இருப்பவரின் கால் மட்டும் எந்த விதியின் கண்ணிலும் படவில்லை.

கேள்வி: காலை அவிழ்த்துவிட்டால் கம்பெனிகள் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடாதா?

பதில்: போகாது என்பதற்கு ஜப்பானில் சாட்சி இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவுக்கும் ஹகோனேவுக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்களின் தொடர் ஓட்டம் நடக்கும். அணிக்குப் பத்துப் பேர், நாடே டிவி முன் உட்காரும். அணிச் சட்டை ஒரு கம்பெனியுடையதாகவும் ஷூ இன்னொன்றாகவும் அங்கே இருக்கலாம். அயோயாமா ககுயின் பல்கலைக்கழகம் 2020-இல் அடிடாஸ் சட்டையில், நைக்கி ஷூவில் ஓடி வென்றது. 2021-இல் ஓடிய 210 பேரில் 201 பேர் காலில் நைக்கி. உள்ளூர்க் கம்பெனியான அசிக்ஸை ஒருவர்கூடப் போடவில்லை. பணத்தைச் சுருட்டிக்கொண்டு போயிற்றா அசிக்ஸ்? மானம் போன ஆத்திரத்தில் புது ஷூ செய்தது, அடுத்த வருடமே திரும்பி வந்தது. 2025-இல் முதலிடம் அடிடாஸுக்கு. அசிக்ஸ் நைக்கியைத் தாண்டிவிட்டது. கால்கள் கட்டப்படாத இடத்தில் கம்பெனிகள் ஓடக் கற்றுக்கொண்டன. மாணவர்களுக்கும் தொழில்முறை வீரர்களுக்கும் பணக் கணக்கு வேறு என்பீர்கள். சரி, சட்டை, தொப்பி, பேட்டி, விளம்பரம், பயிற்சி ஷூ எல்லாம் கம்பெனிக்கே இருக்கட்டும். போட்டி தொடங்கி முடியும்வரை மட்டும், அங்கீகாரம் பெற்ற எந்த ஷூவையும் சம்பள வெட்டில்லாமல் போடலாம் என்று உலகத் தடகளச் சங்கம் ஒரே ஒரு வரி எழுதட்டும். தொகை கொஞ்சம் குறையலாம். லோகோவை மையால் மறைத்து எதிரிக் கம்பெனி ஷூவில் ஓடுகிற திருட்டுத்தனமாவது ஒழியும்.

கேள்வி: நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். சாதனை படைத்த அந்த ஷூவை வாங்கலாமா?

பதில்: 2023-இல் டிகிஸ்ட் அஸ்ஸெஃபா பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடினாரே, அந்த அடிடாஸ் ஷூவைக் கேட்கிறீர்களா? அப்போது அதன் விலை 500 டாலர். ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் கொஞ்சம் பழகிக்கொள்ளவும் மட்டுமே செய்யப்பட்டது என்று கம்பெனியே சொன்ன சரக்கு அது. நீங்கள் நடக்கிற நடைக்கு ஒரு மாதம் தாங்காது. கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள், பாதம் லேசாக வீங்கியிருக்கும் நேரம் அது. நாலு ஜோடி போட்டு நடந்து பாருங்கள், இதமாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்க உங்களுக்கு ஸ்பான்சர் கிடையாது.