காலடியில் கணப்பு: கேள்வி-பதில்

(இந்த முறை பிரிட்டன் வாசகர்களின் 'அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்' கேள்விகள் மட்டும்.)

ஈஸ்ட் ஹாம் வாசகி: சமையலறைத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கிறோம். டைல்ஸ் போட்டால் கால் சில்லிடும் என்கிறார் கணவர். அப்படியா?

கடையில் அவர் சொல்வது சரி. உங்கள் வீட்டில் சரியில்லை. காலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால்தான் டைல்ஸ் சில்லிடுகிறது. அடியில் வெந்நீர் ஓடும்போது, அதே குணம் சூட்டை மேலே கொண்டுவந்து சேர்த்துவிடும். இந்த வேலைக்குக் கல்லையும் டைல்ஸையும் மிஞ்ச ஆளில்லை. ஒட்டும் பசை மட்டும் வளைந்து கொடுக்கும் ரகமாக இருக்கட்டும். சூடேறி ஆறும் தரையில் விறைப்பான பசை விரிசல் விடும். வளைந்து கொடுப்பது கணவருக்கும் நல்லது.

ஹாரோ வாசகர்: ஓக் பலகைத் தரை என் நெடுநாள் ஆசை. போடலாமா?

தாராளமாக. ஆனால் முழுமரப் பலகை சூட்டில் காய்ந்து சுருங்கும். குளிர்காலம் முடிவதற்குள் இடுக்கில் சில்லறை விழத் தொடங்கும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய 'எஞ்சினியர்ட்' ஓக் அவ்வளவு அசையாது. மரத்தரையின் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். பலகை போடுவதற்கு முன் சிமென்ட் தளம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். "காய்ந்துவிட்டது சார்" என்று வேலையாள் சொன்னால் நம்பாதீர்கள். ஈரமானி சொன்னால் நம்புங்கள்.

கிராய்டன் வாசகி: மெத்து மெத்தென்ற கார்பெட் இல்லாவிட்டால் மாமிக்கு வீடு வீடாகவே தெரியாது. என்ன செய்ய?

கார்பெட்டும் போடலாம். கடையில் விரலால் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு, சூட்டைத் தடுக்கும் திறனின் அளவான 'டாக்' எவ்வளவு என்று கேளுங்கள். டூவே போர்வை வாங்கும்போது பார்க்கிறோமே, அதே டாக்தான். கார்பெட், அடிவிரிப்பு இரண்டும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டக் கூடாது. மீறினால் சூடு கீழேயே முடங்கிவிடும். அறை நடுங்கும், பில் மட்டும் சூடாக வரும்.

லெஸ்டர் வாசகர்: இந்தத் தரையில் வடகம் காயவைக்கலாமா?

ஆசைக்கு அளவு வேண்டாமா? ஆட்கள் புழங்கும் அறைகளில் தரை மேற்பரப்புக்கு ஐரோப்பியத் தரவிதி வைத்திருக்கும் உச்சவரம்பு 29 டிகிரி செல்சியஸ். மே மாத மொட்டை மாடி இதைக் கேட்டால் சிரிக்கும். வடகம் காயுமோ என்னவோ, யாராவது மிதிப்பது நிச்சயம்.

லூட்டன் வாசகர்: இது புதுக் கண்டுபிடிப்புதானே?

பாத் நகருக்கு ஒருமுறை போய் வாருங்கள். தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட ரோமானியர் அடுக்கிய குட்டைச் செங்கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. கொரியர்களோ அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் செலுத்தி வீட்டைச் சூடாக்கினார்கள், பெயர் 'ஒண்டோல்'. அந்தக் கல்லின் மேல் மண் பூசி, அதற்கு மேல் அவர்கள் ஒட்டியது எண்ணெய்க் காகிதம்! சூட்டின் வழியை மறிக்காத மெல்லிய விரிப்பு. குளிர்கிறதா, போர்வையை நீங்கள் போர்த்திக்கொள்ளுங்கள், தரைக்குப் போர்த்தாதீர்கள்.