45 டெசிபெல்லில் ஒரு தூக்கம்

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் டிப்பருக்கு இதை யார் படித்துக் காட்டுவது? பத்து டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காம். டிரைவருக்கு அது ஒரு கியர்.

சத்தத்தை மறிக்கக் கனமான சுவர் வேண்டும். சுவருக்குச் சிமென்ட் வேண்டும். சிமென்ட்டுக்கு அதே டிப்பர் வந்தாக வேண்டும். சரி, ஒன்பது அங்குலச் சுவரே எழுப்பியாயிற்று. பெரம்பலூர் சித்திரை வெயிலில் ஜன்னலை மூடிக்கொண்டு படுப்பவர் உண்டா? திறந்த ஜன்னலுக்கு முன் எந்தச் சுவரும் சும்மாதான். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோர மனை விற்பவர் மட்டும் உண்மையைச் சொல்கிறார்: "வாசல்லயே பஸ் சார்!" ஏர்ஹாரன் கட்டிலுக்கே வந்துவிடும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.