அரங்கேற்றத் தேதி முதலிலேயே எதற்கு?

கேள்வி: என் ஆறு வயது மகளைப் பரதநாட்டியத்தில் சேர்க்க வேண்டும். எங்கள் பேட்டையில் ஒரு வகுப்பில், 'இரண்டே வருடத்தில் அரங்கேற்றம்' என்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: குழந்தை ஆடுவதைப் பார்க்குமுன்பே அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பவர் மண்டபக்காரராக இருக்கலாம், குருவாக இருக்கக் கூடாது.

எந்த வகுப்பானாலும் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். சுவரில் தொங்கும் கேடயங்களை விடுங்கள். பிள்ளைகளின் முழங்காலைப் பாருங்கள். பாதி அமர்ந்த நிலையான அரைமண்டியில் அது பாத விரல்கள் நோக்கும் திசையிலேயே விரிந்து நிற்க வேண்டும். முன்பக்கம் சரிந்தால் ஆசிரியை எழுந்து வந்து திருத்துகிறாரா, கைபேசியில் மூழ்கியிருக்கிறாரா? தரையும் முக்கியம். கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸில் நாள்தோறும் தட்டடவு போட்டால் வலிப்பது உங்கள் கால் அல்லவே! தட்டடவு, நாட்டடவு போன்ற அடிப்படை அடவுகள் எல்லாம் மூன்று கால வேகத்திலும் படிந்த பிறகுதான் முதல் உருப்படியான அலாரிப்பு. அதற்கே பொறுமை வேண்டும்.

ஆசிரியை கையிலுள்ள தட்டுக்கழி தாளத்துக்காக மணையில் தட்டுவதற்கு. குழந்தை மேல் பட்டால் அன்றே வெளியேறிவிடுங்கள். உடை, பக்கவாத்தியச் செலவெல்லாம் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், ஆடப்போவது அவள்தான்.