விமானப் புணரியல்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும் என்பது மரபு. ஆகவே இந்நூலின் பெயர் விமானப் புணரியல். நுதலிய பொருள், பெரும்பழுது பார்க்க விமானத்தின் உடம்பைப் பிரிப்பதும் மறுபடி சேர்ப்பதும். எல்லை, வடக்கே ஹேங்கர் கதவு, தெற்கே ஸ்டோர் ரூம் கவுண்டர். வழி, தயாரிப்பாளர்களின் பழுதுக் கையேடுகளும் விபத்து விசாரணை அறிக்கைகளும். கேட்போர், ஜன்னல் இருக்கையில் அமர்ந்து இறக்கையின் ரிவெட்டுகளை எண்ணும் பழக்கம் உடையோர். பயன், அவர்கள் இனி இன்னும் கவனமாக எண்ணுவார்கள்.

இரும்படிக்கும் இடத்தில் இலக்கணத்துக்கு என்ன வேலை எனின், கூறுதும். போயிங் 747 விமானத்தில் அறுபது லட்சம் பாகங்கள் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, மீதிப் பாதியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ரிவெட்டும் போல்ட்டும் திருகுமாம். சொல்லுக்குச் சமமாகச் சந்தி இருக்கும் ஒரு பொருளை இலக்கணம் கொண்டு அல்லாமல் வேறெதைக் கொண்டு விளக்குவது?

முதலாவது, பதவியல்

விமான உறுப்புகள் பகுபதம், பகாப்பதம், இரண்டுக்கும் நடுவே தவிப்பது என மூவகைப்படும்.

பகுபதமாவது, போல்ட்டைக் கழற்றினால் பிரிவது. எஞ்சின், சுக்கான், ஃபிளாப், சக்கரக் கால், கதவு, முன்கண்ணாடி முதலியன. இவை பிரிவதற்கென்றே பிறந்தவை. பிரிவில் இவற்றுக்கு வருத்தம் இல்லை.

பகாப்பதமாவது, இழையை அடுக்கிப் பிசினோடு சூடேற்றி இறுக்கிய கார்பன் கூடு. போயிங் 787-இன் உடற்பகுதிகள் முழு உருளைகளாகவே செய்யப்படுகின்றன. தகடு தகடாகக் கழற்ற அவற்றில் மூட்டு இல்லை. கெட்ட இடத்தைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, அடுக்கடுக்காகப் புது இழைத்துணி ஒட்டி, மீண்டும் சூடேற்றுவது ஒரு வழி.

நடுவே தவிப்பது, ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. அது பிரியும், ஆனால் ரிவெட்டைக் கொன்றுதான் பிரியும். தலையின் நடுவே டிரில் இறக்கி, தலையை உதிர்த்து, தண்டைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். டிரில் இம்மி சாய்ந்தால் வட்டத் துளை முட்டையாகும். முட்டையான துளைக்கு அடுத்த பெரிய அளவு ரிவெட் வேண்டும். அதற்கும் வரம்பு உண்டு. ரிவெட்டின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை, குறைந்தது ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் இருக்க வேண்டும். துளை பெருக்கும்தோறும் இந்தக் கணக்கு நெருக்கும். எனவே ஒவ்வொரு துளைக்கும் இத்தனை பிறவிதான் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. வினைப்பயனை நம்பாதவரும் ஹேங்கருக்குள் இதை நம்புவர்.

பிரிக்குமுன் முட்டுக் கொடுத்தல் வேண்டும். என்னை? சும்மா நிற்கும் விமானமும் தன் எடையைத் தோலாலும் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. பெரிய தகடு ஒன்றை உரித்தால் எலும்புக்கூடு சற்றே தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை அடித்துவிட்டால் அந்தத் தொய்வே அதன் நிரந்தர அழகாகிவிடும். ஆகவே ஜாக்கும் தொட்டிலும் கொடுத்து, அளந்து, பிறகே டிரில்லைத் தொடுவர்.

பிரிப்பதற்கு வரிசையும் உண்டு. டிசி-10 விமானத்தில் முதலில் எஞ்சினை இறக்கு, பிறகு அதைத் தாங்கும் பைலனை இறக்கு என்றார் தயாரிப்பாளர். இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்ட்டில் ஏந்தினால் விமானம் ஒன்றுக்குச் சுமார் 200 ஆள்-மணி மிச்சம் என்று கண்டது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். அப்படி ஏந்தியதில் ஒரு பைலனின் பின்பக்கத் தாங்கியில் விரிசல் விழுந்தது. 1979 மே 25 அன்று சிகாகோவில் விமானம் மேலெழும்போது இடப்பக்க எஞ்சின் பைலனோடு பிய்ந்து போயிற்று. தரையில் இருந்த இருவர் உட்பட 273 பேர் இறந்தனர். பகுபதத்தையும் பகுக்கும் முறையில் பகுக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, புணரியல்

பிரிந்தவை சேர்வது புணர்ச்சி. அது இயல்பு, விகாரம் என இருவகை. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை. இம்மூன்றும் விதிப்படி வருவனவும் விதியின்றி வருவனவும் என இவ்விரண்டாகும்.

இயல்பு புணர்ச்சியாவது, கழற்றியது கழற்றிய இடத்திலேயே, அதற்குரிய போல்ட்டோடு, உரிய இறுக்கத்தில் போய் அமர்வது. நாள்தோறும் உலகெங்கும் நடப்பது இதுவே. ஆயினும் இதைப் பற்றி யாரும் ஓர் அறிக்கையும் எழுதியதில்லை. ரிவெட் அடிப்பதில் இதன் நயம் தெரியும். தகட்டுக்கு வெளியே ஒருவர் ரிவெட் கன்னோடும், உள்ளே ஒருவர் ரிவெட்டின் மறுமுனையைத் தாங்கும் பக்கிங் பாரோடும் நிற்பர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. உள்ளிருப்பவர் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் 'இன்னும் அடி', இரண்டு தட்டினால் 'சரி', மூன்று தட்டினால் 'கெட்டது, எடுத்துவிட்டு வேறு போடு'. இவ்வளவு குறைந்த எழுத்தில் இவ்வளவு பொருள் தரும் மொழியை இலக்கணிகள் இதுவரை கவனிக்காதது வியப்பே.

தோன்றலாவது, முன்பு இல்லாத ஒன்று வருவது. டூப்ளர் எனப்படும் மேல்தகடு இதற்கு எடுத்துக்காட்டு. விதிப்படியான தோன்றலில் அடிபட்ட தோலை வெட்டியெறிந்து, வெட்டிய இடத்தைத் தாண்டி நாற்புறமும் வேண்டிய ரிவெட் வரிசைகள் பிடிக்குமாறு டூப்ளரைப் போடுவர். விதியில்லாத் தோன்றலுக்குச் சான்று சைனா ஏர்லைன்ஸின் 747 ஒன்று. 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் அது வாலைத் தரையில் உரசியது. கீறல் விழுந்த தோலை அப்படியே விட்டு, மேலே டூப்ளர் போட்டு மூடினர். கீறல்களிலிருந்து விரிசல்கள் மூடிக்கு அடியில் வளர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தவர் கண்ணில் பட்டது பழுது பார்த்த தகடு மட்டுமே. 2002 மே 25 அன்று தைவான் நீரிணைக்கு மேல் விமானம் உடைந்தது. 225 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

திரிதலாவது, ஒன்று வேறொன்றாவது. முட்டைத் துளைக்குப் பெரிய ரிவெட் போடுவது விதிப்படியான திரிதல். விதியில்லாததற்கு 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் சான்று. அதன் முன்கண்ணாடியைப் பிடித்த 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மீதி ஆறும் நீளம் போதாதவை. கழற்றிய பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு, கண்ணளவில் எடுத்த போல்ட்டுகள் அவை. நடுவானில் கண்ணாடி பறந்தது. அதன் வழியே பாதி உடல் வெளியே இழுபட்ட விமானியைச் சக ஊழியர்கள் கால்களைப் பற்றிப் பிடித்திருந்தார்கள். துணை விமானி சவுத்தாம்டனில் இறக்கினார், எல்லோரும் பிழைத்தனர்.

ஒன்று இரண்டாகத் திரிதலும் உண்டு. ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 ஒன்று 1978-இல் ஒசாகாவில் வாலை உரசியது. பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரின் பழுதுக்கு ஒரே இணைப்புத் தகடு போட வேண்டும் என்றது பழுதுத் திட்டம். போட்டதோ இரண்டாக வெட்டிய தகடு. இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமையை அவ்விடத்தில் ஒரு வரிசை தாங்கிற்று, ஏழு ஆண்டுகள். 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்தது. 520 பேர் இறந்தனர்; நால்வர் எஞ்சினர்.

இவ்விடத்து ஒரு வேற்றுமைப் புணர்ச்சியையும் கூற வேண்டும். 1941-இல் சீனாவில் டிசி-3 விமானம் ஒன்றின் இறக்கையை ஜப்பானியக் குண்டு சிதைத்தது. கைவசம் இருந்த மாற்று, அதற்கு முந்தைய மாதிரியான டிசி-2-இன் இறக்கைதான். அதை இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிப் பறக்கவைத்துக் கொண்டுவந்து பொருத்தினர். ஒரு பக்கம் ஐந்தடி குட்டை. ஆயினும் அது பறந்தது; 'டிசி-இரண்டரை' என்று பெயரும் பெற்றது. விதிவிலக்கு என்றே இதைக் கொள்க; முன்மாதிரி எனக் கொள்ளற்க.

கெடுதலாவது, இருந்தது இல்லாமற்போவது. அரிப்பைச் சுரண்டித் தேய்த்து, மிஞ்சிய கனத்தை அளந்து, வரம்புக்குள் இருந்தால் விடுவது விதிப்படியான கெடுதல். விதியில்லாததற்குச் சான்று இரண்டு. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் வீழ்ந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானத்தின் கிடைவாலில், இடப்பக்க முன்விளிம்பின் மேல்வரிசைத் திருகுகள் 47 இல்லை. கழற்றியது ஒரு ஷிஃப்ட், விமானத்தை அனுப்பியது அடுத்த ஷிஃப்ட். இறந்தோர் 14 பேர். 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லண்டில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவடைப்புத் தகடு பறந்துபோனது. பக்கத்திலிருந்த ரிவெட்டுகளைச் சரிசெய்யத் தொழிற்சாலையிலேயே அதைத் திறந்து மூடியவர்கள், அதைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. நல்வேளையாக 177 பேரும் உயிரோடு இறங்கினர்.

மூன்றாவது, எழுத்தியல்

அற்றேல், விதிப்படியான விகாரத்தையும் விதியில்லா விகாரத்தையும் பார்த்தமாத்திரத்தில் பிரித்தறியலாமே எனின், அறியாது கடாயினாய். பெயிண்ட் அடித்த பின் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நல்ல டூப்ளரும் கெட்ட டூப்ளரும் வெளியே ஒரே தகடு. வேண்டிய போல்ட்டும் ஓர் இம்மி மெலிந்த போல்ட்டும் ஒரே தலை. விமானமும் உடனே முறையிடுவதில்லை. சில ஒரே நாளில் சொல்லும். சில ஏழு ஆண்டு, இருபத்திரண்டு ஆண்டு பொறுத்துச் சொல்லும்.

பின் எதனால் அறிவது? எழுத்தால். இன்ன பாகத்தை இன்னார் கழற்றினார், இன்னார் போட்டார், இன்னார் சரிபார்த்தார் என்று டாஸ்க் கார்டில் ஏறிய கையெழுத்தே மூட்டின் உள்ளே புகுந்து பார்க்கும் ஒரே கண். அவ்வெழுத்து மூவகை. செய்ததை எழுதுவது முதல்வகை. செய்துவிட்டு எழுதாமை இரண்டாவது. டெக்சாஸ் விமானத்தில் திருகு கழற்றியது ஷிஃப்ட் மாறும்போது கைமாறிய குறிப்பில் இல்லை. போர்ட்லண்ட் விமானத்தில் கதவடைப்பைத் திறந்ததற்கு ஆவணமே கிடைக்கவில்லை. செய்யாததை எழுதுவது மூன்றாவது. இதை எழுத்துப் போலி என்க. ஹாங்காங்கில் வாலுரசிய விமானத்தின் பழுது கையேட்டின்படி செய்யப்பட்டது என்றே பதிவு இருந்தது. மூன்றனுள் இதுவே கொடிது. எழுதாத இடம் வெற்றிடமாகவேனும் தெரியும், பார்ப்பவர் கேட்பார். போலி எழுத்தைப் படித்தவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஆகலின், பெரும்பழுதில் கடினம் பிரிப்பதும் அன்று, சேர்ப்பதும் அன்று. இரண்டுக்கும் இடையே நடந்ததை, அப்போது அங்கில்லாத ஒருவருக்குத் தெரியும்படி விட்டுச்செல்வதே கடினம். டாஸ்க் கார்டு வெறும் காகிதவேலை என்று அலுத்துக்கொள்வோர் இதை மறுமுறை ஓதுக.

புறனடை

இலக்கண நூல்கள் கடைசியில் புறனடை கூறி, சொல்லாமல் விட்டவற்றையும் சொன்னவற்றுள் அடக்கிக் கொள்க என்று விடைபெறும். இந்நூலுக்கு அவ்வுரிமை இல்லை. வேலை முடிந்து மேசைமேல் ஒரு திருகு மிஞ்சியிருந்தால் அது புறனடை ஆகாது. அதற்குரிய இடம் தெரியும்வரை ஹேங்கர் கதவு திறவாது.