ஆடித் தள்ளுபடி, ஆஸ்டின் கிளை

அன்புள்ள மாமாவுக்கு,

டெக்சாஸின் தலைநகர் ஆஸ்டினில் குப்பை கொட்டும் உங்கள் மருமகன் வந்த மூன்றாம் நாளே ஏமாந்துபோனான். ஒரு கடை வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய அறிவிப்பு. முழுதாகப் படிக்க அவனுக்குப் பொறுமை ஏது? கண்ணில் பட்டது 30.06 மட்டும். ஜூன் 30 வரை தள்ளுபடி! பக்கத்திலேயே 30.07. சரிதான், ஆடிக்கும் நீட்டித்துவிட்டார்கள். சாயங்காலம் நண்பனோடு போன பார் வாசலில் சிவப்பு எழுத்தில் 51%. (அவன் குடித்தது எலுமிச்சை ஜூஸ்தான் மாமா.)

அவையெல்லாம் தள்ளுபடியல்ல, சட்டம். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06ஆம் பிரிவுப்படியான அறிவிப்பு, லைசென்ஸ் இருந்தாலும் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வராதே என்கிறது. வெளியே தெரிகிற மாதிரியும் வராதே என்பது 30.07. எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டுமாம். வருமானத்தில் பாதிக்குமேல் அங்கேயே குடிக்கும் சரக்கிலிருந்து வந்தால் 51%. அங்கே துப்பாக்கியே கூடாது.

மறைத்து எடுத்துச்செல்ல லைசென்ஸ் தரும் சட்டத்தில் 1995இல் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ். (இங்கே ஆளுநர்தான் நம்மூர் முதலமைச்சர் மாதிரி.) 2016 ஆகஸ்ட் 1 முதல் லைசென்ஸ்காரர்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளும் மறைத்துக் கொண்டுபோகலாம். அதற்குச் சரியாக 50 ஆண்டுக்கு முன் அதே தேதியில்தான், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே போனவர்களைச் சுட்டுக் கொன்றான். இதில் மட்டும் உங்கள் மருமகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை இல்லாத 21 வயது நிரம்பியவர் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல லைசென்ஸே வேண்டாம். நம்மூரில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, போலீஸ் விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும்! இங்கே தேவையில்லாதபோதும் அவனுடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் 40 டாலர் கட்டி, வகுப்புக்குப் போய், 50 குண்டு சுட்டுக்காட்டி லைசென்ஸ் வாங்கினார். எதற்கு? சட்டமன்றக் கட்டட வாசலில் லைசென்ஸ் காட்டினால் மெட்டல் டிடெக்டர் இல்லாத தனி வழி. திருத்தணியில் சிறப்பு தரிசனம் மாதிரி. துப்பாக்கி லைசென்ஸ் இல்லாத அப்பாவிதான் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறான்.

1960 ஏப்ரல் 1ஆம் தேதி விடிந்தபோது நம்ம பள்ளிப்பட்டு ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்திருந்தது என்று தாத்தா சொல்வாரே, இங்கே மாநில எல்லை தாண்டும்போதெல்லாம் அந்தக் கதைதான். ஆந்திராவின் நகரிக்குப் பஸ் ஏறினால் நமக்குப் போர்டு எழுத்துதான் மாறும். இவர்களுக்கோ, டெக்சாஸில் இடுப்பில் தொங்குவது நியூயார்க்கில் குற்றம். அந்த மாநிலம் வேறெந்த மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை.

அவனும் துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டானா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேலை விசாவில் வந்தவன் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குக் குற்றம் என்ற வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்