கம்பளி மருமகனுக்கு

மருமகனே, கொழும்பிலிருந்து வரும்போதே கழுத்துவரை கம்பளி, காதுக்குப் பஞ்சு, தலைக்குக் குல்லா! நம்ம உடப்புக்கு டிக்கட் எடுத்தாயா, நுவரெலியாவுக்கு எடுத்தாயா என்று கொண்டக்டரே குழம்பியிருப்பான். தை மாத இரவில் நுவரெலியா பத்துப் பாகைக்குக் கீழேயும் இறங்கும். நம்ம புத்தளக் கரை என்னதான் நடுங்கினாலும் 21, 22ஐச் சுற்றித்தான் நிற்கும். அங்கே வட ஆசியாவில் குளிர் தாங்காத பறவைகள், சூடு தேடி ஆனைவிழுந்தான் குளங்களுக்கு வந்து இறங்குது. 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறின இடம். உன் கோலத்தைக் கண்டால் அதுகளும் வந்த வழியே பறந்துவிடும். அந்தப் பக்கம் போய்விடாதே.

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். நம்ம வீட்டுக்கு மச்சே இல்லை, அது எங்கே போய்த் துளைக்கிறது?

ஆனாலும் குளிரே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடியக் கரைவலை இழுக்கிறவர்களைப் பார். இடுப்பளவு தண்ணிக்குள் நிற்கிறவன் சும்மா நிற்பான்; கடல் அந்த நேரத்துக் காற்றைவிடச் சூடு. கரையேறினதும்தான் பல் தாளம் போடும். ஈரச் சாரத்தில் வாடைக்காற்று பட்டால், ஈரம் காயக் காய உடம்புச் சூட்டையும் கூடவே கொண்டுபோய்விடும். ஆக, இந்தக் கரைக் குளிருக்கு மருந்து காய்ந்த சாரம். கம்பளிக்குக் கொட்டின காசுக்கு எத்தனை சாரம் வந்திருக்கும் என்று நீயே கணக்குப் பார், படித்தவன்தானே.

அடுத்தது வீடு. ஓலையைப் பிரித்துத் தகரம் போட்டீர்கள், தரைக்கு டைல்ஸ் பதித்தீர்கள். பகலில் வேகுது, பனி இறங்கினால் மீன் ஐஸ் பெட்டி மாதிரிக் கிடக்குது. போனது போகட்டும். தரையில் இரண்டு சாக்கை விரித்து மேலே பன்பாயைப் போடு. வாடை அடிக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்து. நுளம்புக்குப் பயந்து ஃபேனை முழு வேகத்தில் விட்டு, ஃபேனுக்குப் பயந்து கம்பளி போர்க்கிறாயே! நுரைச்சோலையில் 900 மெகாவாட்டுக்கு நிலக்கரி மின்நிலையம் கட்டினது நீ குளிரில் நடுங்கத்தான் என்று இப்போதுதான் எனக்கு விளங்கினது. நுளம்பு வலையைக் கட்டு ராசா.

குடிக்கிறதுக்கு இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்த தண்ணி, கடிக்கக் கருப்பட்டித் துண்டு. உன் கூட்டாளி சாராயம்தான் சூடு என்பான். குடித்தால் தோலுக்கு இரத்தம் ஏறி முகம் சுடும், உள்ளே இருந்த சூடு வெளியே போய்விடும். நம்பாவிட்டால் விடிய அவனையே போய்க் கேள், கதைக்கிற நிலையில் இருந்தால்.

இனிச் சொல்லப்போவது பகிடி இல்லை. சிரட்டைத் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதே. அதில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கினவன் எழும்ப மாட்டான். தணலை முற்றத்துக்குக் கொண்டு வா, எனக்கும் ஒரு பலகை போடு.